ஜீப் இன்ஜினைத் தாங்கும் ரப்பர்: ஒரு சிறு பொருளின் பெரிய வரலாறு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகளாக ஜீப்புகள் மலை ஏறி இறங்கியிருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகள், அதன் பிறகு தோட்டத்துக்குள் மண் பாதை, கல் பாதை. அப்படி உழைத்த ஒரு பழைய ஜீப் ஒரு நாள் புதிதாக ஒரு தொல்லை கொடுக்கத் தொடங்கும். கிளட்சை விட்டதும் வண்டி உதறும். கியர் ராடு கையில் நடுங்கும். ரிவர்ஸ் போட்டால் பானெட்டுக்கு அடியிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரும்.

இன்ஜின் வேலை வந்துவிட்டதோ என்று வண்டிக்காரர் பயந்துபோவார். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினைத் தொடவே மாட்டார். ஒரு நீளக் கம்பியை எடுத்து இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் கொடுத்து லேசாக நெம்பிப் பார்ப்பார். இன்ஜின் தன் இருக்கையை விட்டு எழும்பும். "மவுண்டிங் போயிருச்சு" என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஒட்டிய ஒரு ரப்பர் கட்டி. அவ்வளவுதான் மவுண்டிங். வண்டியிலேயே மலிவான உதிரிப் பொருட்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தக் கட்டி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையில் ஒரு பொருளாதார மந்தம் இருக்கிறது, ஓர் உலகப் போர் இருக்கிறது, மலாயாக் காட்டில் பால் வெட்டிய தமிழர்களின் வியர்வை இருக்கிறது, 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்த ஒரு பெரிய விவகாரமும் இருக்கிறது. அந்தக் கதையைப் பார்க்கலாம்.

இறுகக் கட்டிய காலம்

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் இன்ஜினைச் சட்டத்தோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கிவிடுவதுதான் பெருவழக்கு. கனமான பொருள் ஆடக்கூடாது என்றால் இறுகக் கட்ட வேண்டும் என்பது எளிய நியாயம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இன்ஜின் வெறும் பாரம் அல்ல. அது உயிருள்ளது போலத் துடிக்கிற பாரம். அதோடு அக்காலச் சாலைகளில் வண்டியின் சட்டமே முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் சட்டத்தின் ஒரு மூலை தாழும். இன்ஜினை நான்கு மூலையிலும் சட்டத்தோடு இறுக்கியிருந்தால் சட்டத்தோடு சேர்ந்து இன்ஜினின் உடம்பும் முறுக்கப்படும். வார்ப்பிரும்பு முறுக்கைத் தாங்காது, விரிசல் விடும்.

1908ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட புகழ்பெற்ற மாடல் டி காரில் இதற்கு ஓர் எளிய தீர்வு இருந்தது. இன்ஜினை மூன்றே இடங்களில் தாங்கினார்கள். முன்பக்கம் நடுவில் ஒன்று, பின்பக்கம் இரு புறமும் ஒவ்வொன்று. நான்கு கால் நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. அதே தத்துவம்தான்! சட்டம் எப்படி முறுக்கினாலும் இன்ஜின் தன் மூன்று காலில் நிம்மதியாக நிற்கும்.

இது சாலையிலிருந்து இன்ஜினைக் காப்பாற்றியது. ஆனால் இன்ஜினிடமிருந்து வண்டியைக் காப்பாற்றவில்லை. இரும்போடு இரும்பு சேர்ந்திருந்ததால் இன்ஜினின் நடுக்கம் முழுவதும் சட்டத்துக்கும், தரைப் பலகைக்கும், ஓட்டுநரின் எலும்புக்கும் போய்ச் சேர்ந்தது. இன்ஜினைத் தாங்கிய பின்பக்கக் கைகள் உடைந்துபோவதும் உண்டு. அவற்றுக்கு முட்டுக் கொடுக்கும் துண்டுகளைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள்.

நான்கு சிலிண்டர் ஏன் நடுங்குகிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு பிஸ்டன் கீழே வரும். எனவே ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும் என்று தோன்றும். உண்மையில் முழுவதும் சமன் ஆவதில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியில் வேகமாகவும் கீழ் பாதியில் சற்று மெதுவாகவும் நகர்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இன்ஜினை இரண்டு முறை மேலும் கீழுமாக உலுக்குகிறது.

இது ஒரு நடுக்கம். இன்னொன்று, எரிபொருள் வெடிக்கும்போது வரும் உதை. நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. வண்டி நின்ற இடத்தில் 600 ஆர்.பி.எம். வேகத்தில் இன்ஜின் ஓடுகிறது என்றால் நிமிடத்துக்கு 1200 உதை, அதாவது வினாடிக்கு 20 உதை. ஒவ்வொரு உதையின்போதும் இன்ஜின் தன்னைத்தானே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளப் பார்க்கும்.

சிலிண்டர் எண்ணிக்கை கூடினால் இந்த உதைகள் நெருங்கி வந்து மென்மையாகிவிடும். அதனால்தான் 1920களில் பணக்காரர்களின் கார்களில் ஆறு, எட்டு சிலிண்டர்கள் இருந்தன. ஏழையின் நான்கு சிலிண்டர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மிதக்கும் இன்ஜின்

1929ஆம் ஆண்டு செவர்லே நிறுவனம் நான்கு சிலிண்டர் காரின் விலையிலேயே ஆறு சிலிண்டர் கார் என்று விற்பனையில் இறங்கியது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. மலிவான பிளிமத் காரைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனத்துக்கு இது இரட்டை நெருக்கடி. அவர்களிடம் இருந்தது நான்கு சிலிண்டர்தான். நடுங்கும் காரை யார் வாங்குவார்கள்?

கிரைஸ்லர் பொறியாளர்கள் இன்ஜினை மாற்றவில்லை. அது உட்காரும் இடத்தை மாற்றினார்கள். எந்தப் பொருளுக்கும் ஈர்ப்பு மையம் என்று ஒன்று உண்டு. இன்ஜின் ஒவ்வோர் உதைக்கும் அந்த மையத்தின் வழியாகச் செல்லும் ஒரு கோட்டைச் சுற்றித்தான் இயல்பாக உருளப் பார்க்கிறது. அப்படியானால் அதைத் தடுப்பானேன்? அந்தக் கோட்டிலேயே தாங்கிவிட்டால் இன்ஜின் தன் போக்கில் ஆடும், ஆட்டம் வண்டிக்கு வராது.

அதன்படி முன்பக்க மவுண்டிங்கை உயரத்தில், வாட்டர் பம்ப்புக்கு அருகில் வைத்தார்கள். பின்பக்க மவுண்டிங்கை தாழ்வாக, கியர் பாக்ஸுக்கு அடியில் வைத்தார்கள். இரண்டையும் இணைக்கும் சாய்வுக் கோடு ஈர்ப்பு மையத்தின் வழியே சென்றது. இரண்டு இடத்திலும் ரப்பர். இன்ஜின் அளவுக்கு மீறி உருண்டுவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங். 1931ஆம் ஆண்டு பிளிமத் பி.ஏ. மாடலில் "ஃப்ளோட்டிங் பவர்", அதாவது மிதக்கும் சக்தி என்ற பெயரில் இது வெளிவந்தது.

வால்டர் கிரைஸ்லர் இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போட்டியாளரான ஹென்றி ஃபோர்டிடம் போய்க் காட்டினார், காரை அங்கேயே பரிசாக விட்டுவிட்டு டாக்சியில் வீடு திரும்பினார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் இந்த முறையை உரிமம் பெற்று 1932 முதல் பயன்படுத்தியது. அதன் விளம்பரத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சின்னம் நீரில் மிதக்கும் அன்னம்! அன்னத்தின் உடல் அசையாமல் மிதக்கும், கால்கள் மட்டும் தண்ணீருக்கு அடியில் துடித்துக்கொண்டிருக்கும். காருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். ரப்பரை இரும்போடு பிரியாமல் ஒட்டவைப்பது எளிதல்ல. இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசி, அதன் மேல் ரப்பரை வைத்துச் சூடேற்றினால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் பித்தளையில் உள்ள செம்போடு வினைபுரிந்து பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட ஒட்டும் முறைகள் தேறிய பிறகே மவுண்டிங் நம்பத்தக்க பொருளாக ஆனது. அன்றும் இன்றும் மவுண்டிங்கின் உயிர் இந்த ஒட்டில்தான் இருக்கிறது.

போருக்குப் பிறந்த ஜீப்

1940ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சின்ன வண்டியை 49 நாட்களுக்குள் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு செப்டம்பர் 23 அன்று முதல் வண்டியை ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களும் களத்தில் இறங்கின.

வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ். அவர் செப்பனிட்ட 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் இன்ஜின்தான் வில்லிஸை வெல்லவைத்தது. ஆனால் வண்டி எடை கூடிவிட்டது. போல்ட்டின் நீளத்தைக் குறைத்து, பெயின்ட் பூச்சைக்கூடக் குறைத்து எடையைக் கீழே கொண்டுவந்தார்கள் என்பது ஜீப் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அப்படி எதையெல்லாம் நீக்கலாம் என்று பார்த்துப் பார்த்து நீக்கிய வண்டியிலும் இன்ஜினுக்கு அடியில் ரப்பர் தங்கியது. முன்பக்கம் இரு புறமும் ரப்பர், பின்னால் கியர் பாக்ஸுக்கு அடியில் குறுக்குச் சட்டத்தின் மேல் ரப்பர். சொகுசுக்காகப் பிறந்த பொருள் போர்க்களத்துக்கும் தேவைப்பட்டது.

கூடவே ஒரு சின்ன இரும்புக் கயிறும் இருந்தது. கிளட்சை மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ரப்பர் மேல் நிற்கும் இன்ஜின் முன்னால் நகர்ந்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். ஆட விடு, ஆனால் கையில் ஒரு கயிறு வைத்திரு என்பது அதன் பொருள். இந்தக் கயிற்றின் அருமை முப்பது ஆண்டு கழித்துத்தான் வேறோர் இடத்தில் தெரியவந்தது.

ரப்பருக்கு வந்த பஞ்சம்

ஜீப் உற்பத்தி சூடுபிடித்த நேரத்தில்தான் ரப்பருக்கே ஆபத்து வந்தது. பிரேசில் காட்டு மரமான ரப்பரின் விதைகளை 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கும் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டில் மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. அங்கே கங்காணிகள் மூலம் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள்தான் ஐரோப்பியர் தோட்டங்களின் முதுகெலும்பு. வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் விடியும் முன்பே எழுந்து மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் அருகில் இருந்த டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போனதே.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோனது. டயர் தேய்மானத்தைக் குறைக்க நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு வந்தது. அரசே முன்னின்று செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயற்கை ரப்பர் உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டியது.

மறுபுறம், பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பான் ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. பலர் திரும்பவே இல்லை. போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன என்று பெருமையாகச் சொல்லும் புத்தகங்களில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

செயற்கை ரப்பர் இவ்வளவு வளர்ந்த பிறகும், அதிர்வைத் தாங்கும் வேலைக்கு இயற்கை ரப்பரே பெரிதும் விரும்பப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. திரும்பத் திரும்ப அமுங்கி எழுந்தாலும் அது எளிதில் களைத்துப்போவதில்லை, எளிதில் கிழிவதும் இல்லை. அதன் பெரிய எதிரிகள் எண்ணெய், சூடு, காலம் மூன்றும்தான்.

நான்கு சக்கர இழுவையில் ஐந்து மடங்கு சுமை

சாதாரணக் காரைவிட ஜீப்பில் மவுண்டிங் அதிகம் அடிபடுவது ஏன்? காரணம் கணக்கில் இருக்கிறது.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் இன்ஜின் தந்த முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 2.665 மடங்கு ஆக்குகிறது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் "லோ" போட்டால் அது மேலும் 1.97 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஐந்தேகால் மடங்கு, சுமார் 750 நியூட்டன் மீட்டர்.

இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு ஒரே உடம்பாக நிற்பவை. அந்த உடம்பிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட்டுகளுக்கு எவ்வளவு முறுக்கு போகிறதோ, அதே அளவு எதிர்முறுக்கு அந்த உடம்பின் மேல் திரும்பி வரும். நியூட்டனின் மூன்றாம் விதி! அந்த எதிர்முறுக்கைத் தாங்குவது மவுண்டிங் ரப்பர்கள்தான். சமவெளியில் டாப் கியரில் போகும் வண்டியைவிட, சேற்றில் லோ போட்டு ஏறும் வண்டியில் ரப்பருக்கு ஐந்து மடங்கு வேலை.

இதில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் கஷ்டப்படும். முன்னோக்கிப் போகும்போது, வண்டிக்குள் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் இடது பக்கத்தில் இன்ஜின் மேலே எழப் பார்க்கும், வலது பக்கத்தில் அமுங்கும். ரப்பர் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்காது, ஒட்டு பிரியத் தொடங்கும். ரிவர்ஸில் திசை தலைகீழாக மாறும். முன்னும் பின்னுமாக வண்டியை ஆட்டி ஆட்டிச் சேற்றிலிருந்து எடுக்கும்போது ரப்பர் இரு பக்கமும் மாறி மாறிக் கிழிபடுகிறது.

பம்பாய்க்கு வந்த ஜீப், டிராக்டரிலிருந்து வந்த டீசல்

போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்த கே.சி. மகிந்திரா அங்கே பார்னி ரூஸைச் சந்தித்ததுதான் இந்தியாவில் ஜீப் வரக் காரணம் என்று மகிந்திரா நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. 1940களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகள் பூட்டப்பட்டன. பிறகு உயரமான பானெட் கொண்ட சி.ஜே. 3பி மாடல் வந்தது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டோடு நின்றுபோன அந்த முகம், இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. காவல் நிலையம், வனத்துறை, பஞ்சாயத்து யூனியன் என்று எங்கும் அதே முகம்தான்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப்பை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. டிராக்டர் வழியில் வந்த டீசல் இன்ஜின் ஜீப்புக்குள் ஏறியது. 1980களில் பிரான்சின் பியூஜோ டீசல் இன்ஜினும் வந்தது. டீசலில் காற்றைப் பல மடங்கு அதிகம் அமுக்கி வெடிக்கவைப்பதால் ஒவ்வோர் உதையும் பலமானது. எடையும் அதிகம். மவுண்டிங்கின் பாடு இன்னும் திண்டாட்டம் ஆனது.

இதுபோக, பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கி உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். சேஸில் புதிதாக பிராக்கெட் வெல்டிங் செய்து, கையில் கிடைத்த ஏதோ ஒரு ரப்பரை வைத்து இன்ஜினை உட்காரவைத்தார்கள். சிலர் பழைய டயரை வெட்டி வைத்தார்கள், சிலர் இரும்புப் பட்டையையே வைத்து இறுக்கினார்கள். இறுக்கிய வண்டியில் இன்ஜின் ஆடாது. ஆனால் கொஞ்ச நாளில் பிராக்கெட் விரிசல் விடும், ரேடியேட்டர் ஒழுகும், போல்ட்டுகள் கழன்று விழும். 1908ல் கற்ற பாடத்தை வண்டி மறுபடியும் கற்றுக்கொடுக்கும்.

67 லட்சம் வண்டிகள்

மவுண்டிங் போனால் வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு 1971ஆம் ஆண்டில் பதில் இருக்கிறது.

1965 முதல் 1969 வரை தயாரான செவர்லே கார்களிலும் சிறு லாரிகளிலும் பல வண்டிகளின் மவுண்டிங் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்துகொண்டது. பிரிந்தது எப்போது தெரியும்? ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான். அப்போது இன்ஜினின் இடது பக்கம் மேலே எழும். ஆக்சிலரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் கம்பியும் அதோடு சேர்ந்து இழுபட்டு, காலை எடுத்தாலும் ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பவர் பிரேக்குக்குப் போகும் வெற்றிடக் குழாயும் பிடுங்கிக்கொள்ளக்கூடும். அதாவது வேகம் கூடும் அதே நேரத்தில் பிரேக் கெட்டியாகிவிடும்!

விபத்துகள், புகார்கள், பத்திரிகைச் செய்திகள், அரசின் நெருக்குதல் இவற்றுக்குப் பிறகு 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதுவரை அவ்வளவு பெரிய திரும்ப அழைப்பு நடந்ததில்லை.

அவர்கள் செய்த சரிசெய்தல் என்ன தெரியுமா? எல்லா வண்டிக்கும் புது மவுண்டிங் போடவில்லை. ரப்பர் பிரிந்தாலும் இன்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். போர்க்கால ஜீப்பில் இருந்தது முன்னால் நகராமல் பிடிக்கும் கயிறு, இது மேலே எழாமல் பிடிக்கும் கயிறு. யோசனை ஒன்றுதான். பின்னர் வந்த மவுண்டிங்குகள் பலவற்றில் இரு தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டன. ரப்பர் செத்தாலும் இரும்பு கையை விடாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வரலாறு தெரிந்தவருக்கு மவுண்டிங் மாற்றும் வேலையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் புரியும்.

முதலில் சோதனை. பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டு உடனே மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இன்ஜின் எந்தப் பக்கம் எழுகிறது என்று தெரியும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

ரப்பர் ஊறிப் பிசுபிசுப்பாக இருந்தால் மேலே எங்கோ ஆயில் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுக்கை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் சீக்கிரம் ஊறிப்போகும்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிய பிறகு ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை நேராக ஆயில் சம்ப்பில் வைத்தால் தகடு நசுங்கும். அகலமான பலகை ஒன்றை நடுவில் கொடுத்து, இன்ஜினின் பாரம் மவுண்டிங்கை விட்டு எழும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தூக்க வேண்டும். தூக்கும்போதே ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறதா, ஹோஸ், ஆக்சிலரேட்டர் கம்பி, சைலன்சர் பைப் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ இன்ஜினுக்கு அடியில் கொடுக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கிழிந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதியது ஒன்றும் அமுங்கிப்போன பழையது இரண்டும் இருந்தால் சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும். கியர் பாக்ஸுக்கு அடியில் இருப்பதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். பழைய ரப்பர் ஒரு சென்டிமீட்டர் அமுங்கியிருந்தாலும் ஃபேன் இடைவெளி, கியர் ராடு, ஷாஃப்ட்டின் கோணம் எல்லாம் மாறியிருக்கும். கழற்றிய இடத்தில் பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பதும் அவசியம்.

புதியதைப் பொருத்தும்போது எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே போட வேண்டும். ஜாக்கியை இறக்கி, இன்ஜினின் பாரம் ரப்பரில் முழுதாக உட்கார்ந்த பிறகு, லேசாக ஆட்டிவிட்டு இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாளைத் தொடங்கும்.

கடைசியாக எர்த் வயர். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ரப்பர் மேல் நிற்கும் இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் தடித்த எர்த் பட்டை ஒன்று இருக்கும். அதைத் திரும்ப மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் மொத்த மின்சாரமும் ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகவோ சோக் கம்பி வழியாகவோ போகப் பார்க்கும். கம்பி சிவந்து புகையும். "மவுண்டிங் மாத்துனதுல இருந்து செல்ஃப் எடுக்கல" என்ற புகாருக்குப் பல சமயம் இதுதான் காரணம். இன்ஜினைப் பிடிக்கும் கயிறு உள்ள வண்டி என்றால் அதையும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

முடிவாக

மாடல் டி முதல் டீசல் ஜீப் வரை இந்த வரலாறு ஒரே கேள்வியைத்தான் சுற்றிவருகிறது. எவ்வளவு ஆட விடுவது, எவ்வளவு பிடித்துவைப்பது? இறுக்கிப் பிடித்தால் இரும்பு உடைகிறது. முழுவதும் விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒவ்வோர் உதையையும் தன் மேல் வாங்கிக்கொள்கிறது அந்த ரப்பர் கட்டி.

அது தேய்ந்து போவது குறையல்ல. சேஸும் இன்ஜினும் தேயாமல் இருப்பதற்காக அது தேய்கிறது. ஆனால் தேய்ந்ததை மாற்றாமல் விடுவது குறைதான். கியர் ராடு நடுங்குவதும், கிளட்ச் உதறுவதும், "டொக்" என்ற சத்தமும் அது அனுப்பும் கடிதங்கள். இருபது பேர் தொற்றிக்கொண்டு மலை இறங்கும் ஒரு ஜீப்பில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவேண்டிய பொறுப்பு வண்டிக்காரருடையது. செலவு சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ, வேலை அரை நாள். 67 லட்சம் வண்டிகளை வைத்து உலகம் கற்ற பாடத்துக்கு அது மிகச் சிறிய கட்டணம்.